கடற்கரைச் சாலைக்கு எந்த கேம்? பழைய எம்.ஜி.பி. எஞ்சினுக்கு கேம்ஷாஃப்ட் தேர்வும் டைமிங்கும்

பழைய ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினைப் பிரித்து வைத்தவர்கள் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "எந்த கேம் போடலாம்?" என்பதுதான். கேம் என்றால் கேம்ஷாஃப்ட், தன்மேல் உள்ள மேடுகளால் வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் தண்டு. ராமநாதபுரத்திலிருந்து மண்டபம், பாம்பன், ராமேசுவரம், தனுஷ்கோடி என்று ஓடப்போகிற காருக்கு என் பதில் மாறுவதே இல்லை. பட்டியலில் இருப்பவற்றில் மிதமானதை வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தையும் பொறுமையையும் அதைச் சரியான டிகிரியில் உட்காரவைப்பதில் செலவிடுங்கள். அளக்காமல் மாட்டிய பெரிய கேமைவிட, அளந்து மாட்டிய சாதாரண கேம் இந்தச் சாலையில் இனிமையாக ஓடும்.

இங்கே 1962 முதல் 1980 வரை வெளிவந்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான எம்.ஜி.பி.யின் 1798 சி.சி. எஞ்சினை எடுத்துக்கொள்கிறேன். காரணம் உண்டு. அது பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் 'பி' வரிசை எஞ்சின். நம் அம்பாசிடரில் பல ஆண்டுகள் ஓடிய 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினும் அதே குடும்பம்தான். கேம்ஷாஃப்ட் பிளாக்கின் உள்ளே. அங்கிருந்து கேம் மேட்டின் மேல் உட்காரும் டாப்பெட், அது தள்ளும் புஷ்ராடு கம்பி, வால்வை அழுத்தும் ராக்கர் வழியாக வால்வு. எனவே அம்பாசிடரில் கைபழகிய மூத்த மெக்கானிக் ஒருவர் உங்கள் ஊரில் இருந்தால், எம்.ஜி.பி.யைத் திறந்ததும் அவருக்குப் பாதி எஞ்சின் தெரிந்த முகமாகவே இருக்கும். எம்.ஜி.யின் சிறிய காரான மிட்ஜெட் வைத்திருப்பவர்களுக்கும் எண்களைத் தவிர மற்றதெல்லாம் பொருந்தும்.

முதலில் சாலையைக் கணக்குப் போடுங்கள்

ஓவர்டிரைவ் (எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) இல்லாத எம்.ஜி.பி., நான்காவது கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுச் சுற்றினால் மணிக்கு ஏறத்தாழ 29 கிலோமீட்டர் போகும். தேசிய நெடுஞ்சாலை 87-இல் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள் என்றால் எஞ்சின் சுமார் 2800 சுற்றில் இருக்கிறது. தொழிற்சாலையில் வந்தபடி இந்த எஞ்சினின் உச்ச முறுக்குவிசை 3000 சுற்றில். உச்ச சக்தியான 95 குதிரைத்திறன் 5400 சுற்றில். அதாவது, வடிவமைத்தவர்கள் கொடுத்த கேமே நம் சாலை வேகத்தில்தான் மிகத் திடமாக இழுக்கிறது.

இப்போது 3500 சுற்றுக்கு மேல்தான் விழித்துக்கொள்ளும் ஒரு கேமைப் போட்டால் என்ன ஆகும்? நான்காவது கியரில் அது விழிக்கும்போது வண்டி நூறைத் தாண்டியிருக்கும். உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையே ஆடு குறுக்கே வரும், பஸ் நிற்கும், மீன் வண்டி முந்தும். அந்த வேகத்தில் அங்கே யாருக்கு என்ன வேலை? மேடு என்று சொல்லிக்கொள்ள இந்தப் பாதையில் பாம்பன் சாலைப் பாலம் ஒன்றுதான் உண்டு. அதன் மேல் சுற்றுலாப் பயணிகள் கடலைப் பார்க்க வண்டியை நிறுத்திவிடுவதால், அங்கும் முதல் கியரில் ஊர்ந்துதான் போகவேண்டும். ஊர்ந்து போகும்போது தடுமாறாத ஐட்லிங்தான் நமக்குத் தேவை. பந்தய கேம் ஐட்லிங்கில் குலுங்கும், பிளக்கைக் கரியாக்கும், ரேடியேட்டரைக் கொதிக்கவைக்கும். பந்தயம்தான் ஆசை என்றால் இருங்காட்டுக்கோட்டையிலும் கோவைக்கு அருகே செட்டிப்பாளையத்திலும் அதற்கென்று ஓடுதளங்கள் இருக்கின்றன. அந்தக் காருக்கான எஞ்சின் வேறு.

கேம் கார்டில் இருக்கும் எண்கள்

கேம் வாங்கினால் கூடவே ஒரு கார்டு வரும். அதைப் புரிந்துகொள்ள எம்.ஜி.பி.யின் வழக்கமான பழைய கேமையே பார்ப்போம். இதில் வரும் டிகிரி எல்லாம் பிஸ்டனை இயக்கும் கிராங்க் தண்டு திரும்பும் கோணம். கலவையை உள்ளே விடும் உள்வால்வு, பிஸ்டன் உச்சிக்கு, அதாவது டி.டி.சி.க்கு, 16 டிகிரி முன்பே திறக்கிறது. பிஸ்டன் அடிக்கு வந்து 56 டிகிரி கடந்தபின் மூடுகிறது. வெளிவால்வு அடிநிலைக்கு 51 டிகிரி முன் திறந்து, உச்சிக்கு 21 டிகிரி பின் மூடுகிறது. உள்வால்வுக்கு 16, 180, 56 மூன்றையும் கூட்டினால் 252 டிகிரி. வெளிவால்வுக்கும் அதே 252. இதைத்தான் திறப்புக் கோணம் என்கிறார்கள். இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் ஓவர்லேப் 16-ம் 21-ம் சேர்ந்து 37 டிகிரி.

இவற்றைவிட முக்கியமான எண், உள்வால்வு முழு உயரத்துக்குத் திறக்கும் இடம். 252-இல் பாதி 126. அதில் 16 போனால் 110. அதாவது டி.டி.சி.க்குப் பின் 110 டிகிரி. கேமை எஞ்சினில் உட்காரவைக்கும்போது நாம் தேடப்போவது இந்த இடத்தைத்தான். 1970-களில் வந்த சில எஞ்சின்களுக்கு எண்கள் வேறு. உங்கள் எஞ்சின் எண்ணுக்கு உரிய கையேட்டைப் பாருங்கள்.

உள்வால்வு எவ்வளவு தாமதமாக மூடுகிறதோ அவ்வளவுக்கு உயர் சுற்றில் காற்று கூடுதலாக நிரம்பும். குறைந்த சுற்றிலோ, உள்ளே வந்த கலவையைப் பிஸ்டன் வந்த வழியே திருப்பித் தள்ளிவிடும். பெரிய கேம் போட்ட கார் கீழ்ச் சுற்றில் சோர்ந்து கிடப்பதற்கு இதுவே காரணம். கம்ப்ரஷன் விகிதத்தைச் சற்று உயர்த்தி இதை ஓரளவு ஈடுகட்டலாம். எம்.ஜி.பி.யின் 8.8-ஐ 9.5 வரை கொண்டுபோவது மிதமான கேமுக்கு நல்ல துணை. அதற்கு மேல் போனால், சித்திரை வெயிலில் பாலத்தின் மேட்டில் எஞ்சின் தட்டுவதை நீங்களே கேட்பீர்கள்.

இந்த எஞ்சினுக்கே உரிய ஒரு சிக்கல்

பொதுவான கேம் கட்டுரைகள் தொடாத விஷயம் இது. இந்தக் குடும்ப எஞ்சினில் மிகவும் முக்கியமானது. நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து, கலவை உள்ளே வரும் உள்வழி இரண்டே இரண்டு. ஒன்றும் இரண்டும் ஒரு வாயைப் பகிர்ந்துகொள்கின்றன. மூன்றும் நான்கும் இன்னொன்றை. எரியும் வரிசை 1-3-4-2. எனவே இரண்டாவது சிலிண்டர் உறிஞ்சி முடிக்கும் முன்பே, அதே வாயிலிருந்து முதலாவது உறிஞ்சத் தொடங்கிவிடுகிறது. பின்பக்கத்தில் மூன்றும் நான்கும் அப்படியே.

இரண்டு வால்வும் ஒரே வாய்க்குத் திறந்திருக்கும் அளவைக் கணக்கிடுவது எளிது: திறப்புக் கோணத்தில் 180-ஐக் கழியுங்கள். பழைய கேமில் 72 டிகிரி. 270 டிகிரி கேமில் 90. 285-இல் 105. அந்த நேரம் முழுவதும் ஒரு சிலிண்டரின் பங்கை இன்னொன்று பறிக்கிறது. ஒன்றுக்குக் கலவை கூடும், மற்றதற்குக் குறையும். கார்புரேட்டரை எப்படித் திருகினாலும் நான்கு பிளக்கும் ஒரே நிறத்தில் வராததற்கு இது ஒரு காரணம். இதைச் சமாளிக்க, உள்ளிரண்டு சிலிண்டருக்கும் வெளியிரண்டுக்கும் டைமிங்கை வேறுபடுத்திக் கடைந்த ஸ்கேட்டர் கேம்களும் உண்டு. அவற்றை வாங்கினால் எந்தச் சிலிண்டரில் அளக்கவேண்டும் என்று கார்டில் பார்த்தபின் வேலையைத் தொடங்குங்கள்.

எதை வாங்குவது?

பழைய கேமின் மேடுகள் தேயாமல் இருந்தால் அதையே வைத்துக்கொள்வது வெட்கப்படவேண்டிய முடிவு அல்ல. ஹெட்டில் வால்வு இருக்கைகளைச் சரிசெய்து, வழிகளில் உள்ள வார்ப்புப் பிசிறுகளை நீக்கி, கம்ப்ரஷனை ஒழுங்குபடுத்தினாலே வித்தியாசம் தெரியும். சற்று உற்சாகம் வேண்டும் என்றால் பைப்பர் நிறுவனத்தின் 270 வகை போன்ற, சாலைக்கென்று கடைந்த கேம் போதும். ஐட்லிங் கொஞ்சம் கூடும், 3000-க்கு மேல் நன்றாக மூச்சுவிடும். 285-ஐ நான் இந்தக் கடற்கரைக்குப் பரிந்துரைக்கமாட்டேன். 300-ஐத் தாண்டியவற்றைப் பற்றி இங்கே பேசவே வேண்டாம்.

பழைய கேமையே மறுபடி கடைந்து தருகிறோம் என்று சொல்லும் பட்டறைகள் உண்டு. நல்ல பட்டறையாக இருந்தால் தவறில்லை. ஆனால் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். கடைந்தபின் மேற்பரப்பு மறுபடி கடினப்படுத்தப்படுமா? அடிவட்டம், அதாவது மேடு இல்லாத வட்டப் பகுதி, எவ்வளவு சிறுத்திருக்கும்? அடிவட்டம் சிறுத்தால் டாப்பெட் கீழே இறங்கும். ராக்கர் நிற்கும் கோணம் மாறும். புஷ்ராடு நீளத்தை மாற்றவேண்டி வரலாம். இந்த இரண்டுக்கும் பதில் சொல்லத் தடுமாறும் பட்டறையில் கேமைக் கொடுக்காதீர்கள்.

கேமுடன் சேர்த்து மாற்றவேண்டியவற்றில் விட்டுக்கொடுக்கவே முடியாதது டாப்பெட். புதிய கேமில் பழைய டாப்பெட்டைப் போட்டால் மேடு சீக்கிரமே தேய்ந்துபோகும். டாப்பெட்டின் அடி தட்டையாகத் தெரிந்தாலும் மிக லேசான குவிவு உண்டு. கேம் மேட்டிலும் லேசான சாய்வு உண்டு. இரண்டும் சேர்ந்துதான் டாப்பெட்டைச் சுழலவைக்கின்றன. சுழலாத டாப்பெட் கேமைத் தின்றுவிடும். இந்த எஞ்சினில் டாப்பெட் உயரமும் புஷ்ராடு நீளமும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கின்றன. ஒரு ஜோடியை இன்னொன்றோடு கலக்காதீர்கள். டைமிங் செயினும் டென்ஷனரும் புதிதாக இருக்கட்டும். பழைய எஞ்சின்களில் இரட்டை வரிசைச் செயின், பிற்கால எஞ்சின்களில் ஒற்றை வரிசை. முடிந்தால் இரட்டைக்கே போங்கள். வால்வு ஸ்பிரிங் கேம் தயாரிப்பாளர் சொன்னதுதான். இன்னும் கடினமானது போட்டால் பாதுகாப்பு என்று நினைப்பது தவறு. அந்தக் கூடுதல் அழுத்தம் முழுவதும் கேம் மேட்டின் தலையில்தான் இறங்கும்.

டிகிரி வைப்பது

"புள்ளி நேராக நிற்கிறது, அப்புறம் என்ன அண்ணே?" என்று மெக்கானிக் கேட்பார். செயின் ஓடும் பற்சக்கரங்களான இரண்டு ஸ்ப்ராக்கெட்டிலும் உள்ள புள்ளிகள் நேரெதிராக நின்றால் கேம் ஏறத்தாழ சரியான இடத்தில் இருக்கிறது என்று மட்டுமே பொருள். ஸ்ப்ராக்கெட், கீ, கேம் கடைசல், செயின் ஆகிய ஒவ்வொன்றிலும் உள்ள சிறு பிழைகள் சேர்ந்தால் நான்கைந்து டிகிரி தவறிப்போகலாம். வேண்டிய கருவிகள் குறைவு: 360 டிகிரி வட்டு, நுண்ணிய நகர்வை அளக்கும் டயல் கேஜ், அதைப் பிடிக்கும் காந்த ஸ்டாண்டு, ஒரு கம்பித்துண்டு. டயல் கேஜ் இல்லையென்றால் மண்டபத்திலோ ராமேசுவரத்திலோ விசைப்படகு எஞ்சின் பார்க்கும் பட்டறையில் கேட்டுப்பாருங்கள். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் போகாதீர்கள். படகுகளெல்லாம் கரையேறி, லேத் பட்டறைகள் அத்தனையும் அந்த வேலையில்தான் இருக்கும். மழை ஓய்ந்த தை, மாசி மாதங்கள் இதற்கு உகந்தவை.

முதல் வேலை, உண்மையான டி.டி.சி.யைக் கண்டுபிடிப்பது. புல்லியில் உள்ள குறியை நம்பவேண்டாம். ரப்பர் ஒட்டிய புல்லியாக இருந்தால் வெளிவளையம் நழுவியிருக்கலாம். ஹெட்டைக் கழற்றிவிட்டு, முதல் சிலிண்டரின் குறுக்கே கனமான இரும்புப் பட்டையை வைத்து, நடுவில் ஒரு போல்ட்டைக் கீழ்நோக்கி நிறுத்துங்கள். பிஸ்டன் உச்சிக்கு வருமுன் அதில் முட்டி நிற்கவேண்டும். டிகிரி வட்டைக் கிராங்க் முனையில் இறுக்கி, கம்பியை முள்ளாக வளைத்துவிடுங்கள். எஞ்சினைக் கையால் ஒரு பக்கம் திருப்பி, முட்டியதும் எண்ணைக் குறியுங்கள். மறுபக்கம் திருப்பி, அங்கும் குறியுங்கள். ஒரு பக்கம் 38, மறுபக்கம் 44 என்று வந்தால் மொத்தம் 82, பாதி 41. இரண்டு பக்கமும் 41 காட்டும்படி முள்ளை நகர்த்துங்கள். இப்போது வட்டின் பூஜ்யம்தான் மெய்யான உச்சி. இரும்புப் பட்டையைக் கழற்றிவிடுங்கள். இதில் ஒரு டிகிரி தவறினாலும் அடுத்து வரும் எல்லா எண்ணும் தவறும். எனவே இதை மட்டும் இரண்டாவது முறை செய்து பாருங்கள்.

அடுத்தது உள்வால்வின் உச்சம். வால்வுகள் முன்னிருந்து பின்னாக வெளி, உள், உள், வெளி, வெளி, உள், உள், வெளி என்று நிற்கும். ஆகவே முதல் சிலிண்டரின் உள்வால்வு இரண்டாவது இடத்தில் இருக்கிறது. அந்த டாப்பெட்டின் புஷ்ராடு மேல் டயல் கேஜின் முனையை நேர்க்கோட்டில் வையுங்கள். சாய்ந்தால் அளவு பொய் சொல்லும். எஞ்சினை அது ஓடும் திசையில், முன்னிருந்து பார்த்தால் கடிகார முள் சுற்றும் திசையில், மெதுவாகத் திருப்புங்கள். கேமின் உச்சியில் முள் சில டிகிரிகளுக்கு அசையாமல் நிற்பதால் உச்சத்தைக் கண்ணால் பிடிக்க முடியாது. அதனால் உச்சத்துக்கு அரை மில்லிமீட்டர் குறைவாக இருக்கும் இரண்டு இடங்களைக் குறிக்கிறோம். ஏறும்போது 90 டிகிரி, இறங்கும்போது 136 என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுப்புள்ளி 113. இருக்கவேண்டியது 110. கேம் மூன்று டிகிரி தாமதமாக நிற்கிறது.

இரண்டு எச்சரிக்கைகள். திருப்பும்போது குறியைத் தாண்டிவிட்டால் அப்படியே பின்னோக்கி இழுத்துப் படிக்கக்கூடாது. கால் சுற்றாவது பின்னே போய், மறுபடி ஓடும் திசையிலேயே வாருங்கள். இல்லையென்றால் செயினின் தளர்வு கணக்கில் புகுந்துவிடும். இன்னொன்று, ஏறும் பக்கமும் இறங்கும் பக்கமும் ஒன்றுபோல் இல்லாத கேம்களும் உண்டு. அவற்றுக்கு இந்த நடுப்புள்ளி முறை சிறிது பிசகும். கார்டு வேறு முறை சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

திருத்துவதற்கு, ஸ்ப்ராக்கெட்டைச் சற்றே விலக்கிப் பூட்டும் ஆஃப்செட் கீ மலிவானது. திருகி நகர்த்தக்கூடிய வெர்னியர் ஸ்ப்ராக்கெட் வசதியானது. வெர்னியர் வாங்கினால் டைமிங் கவரின் உட்புறம் உரசுகிறதா என்று பார்த்துவிடுங்கள். கீ வாங்கும்போது ஒரு குழப்பம் காத்திருக்கிறது: கேம் ஒரு டிகிரி திரும்பினால் கிராங்கில் இரண்டு டிகிரி. மேலே சொன்ன மூன்று டிகிரிக்குக் கேமை ஒன்றரை டிகிரி நகர்த்தினால் போதும். கீயின் மேல் எழுதியிருப்பது கேம் டிகிரியா, கிராங்க் டிகிரியா என்று கேட்காமல் வாங்காதீர்கள். மாற்றியபின் மறுபடி அளக்கவேண்டும்.

கார்டு சொல்வதைவிடக் கிராங்கில் இரண்டு டிகிரி முன்னதாக வைப்பது என் வழக்கம். முன்னே வைத்தால் கீழ்ச் சுற்றில் இழுவை கூடும். பின்னே வைத்தால் உயர் சுற்றில் கூடும். மேலும் செயின் தேயத் தேயக் கேம் தாமதமாகத்தான் நகரும், முன்னே ஒருபோதும் நகராது. அந்தத் தேய்மானத்துக்கு முன்கூட்டியே கொடுத்த முன்பணம் என்று வைத்துக்கொள்ளலாம். கேமின் முன்பின் ஆட்டத்தையும் இப்போதே பார்த்துவிடுங்கள்: 0.08 முதல் 0.18 மில்லிமீட்டர் வரை இருக்கலாம்.

மூடும் முன் பார்க்கவேண்டியவை

லிஃப்ட் (வால்வு திறக்கும் உயரம்) கூடிய கேமில் வால்வு பிஸ்டனைத் தொடுமா என்று ஊகிக்கவேண்டாம். பிஸ்டன் தலையில் குழந்தைகள் விளையாடும் களிமண்ணைத் தட்டையாக ஒட்டி, எண்ணெய் தடவி, ஹெட்டைப் பழைய கேஸ்கெட்டோடு இறுக்கி, டாப்பெட் இடைவெளி வைத்து, கையால் இரண்டு சுற்றுத் திருப்பிக் கழற்றுங்கள். களிமண்ணின் மிக மெல்லிய இடம் உள்வால்வுக்கு 1.5, வெளிவால்வுக்கு 2 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. பெரிய வால்வு போட்டிருந்தால் பிளாக்கின் விளிம்பையும் பாருங்கள். முழு லிஃப்ட்டில் ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளக்கூடாது, மொத்தமாக 1.5 மில்லிமீட்டராவது மிச்சம் வேண்டும்.

இந்த எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றுவதும் கேம்ஷாஃப்ட்தான். கேமைக் கிராங்க் கணக்கில் நான்கு டிகிரி நகர்த்தினால் இக்னிஷனும் அதே நான்கு டிகிரி நகர்ந்துவிடும். கேமை மாற்றியபின் "வண்டி பறக்கிறது" என்று சொல்பவர்களில் சிலர் அனுபவிப்பது கேமை அல்ல, தற்செயலாகக் கூடிய இக்னிஷன் முன்னேற்றத்தை. இரண்டையும் தனித்தனியாக வைத்தபின் பேசுங்கள்.

உப்புக்காற்று வேறு இருக்கிறது. பளபளவென்று கடைந்த கேம் மேட்டை எண்ணெய் இல்லாமல் இரவு முழுவதும் விட்டால், காலையில் செந்நிறப் படலம் பிடித்திருக்கும். வேலை நிற்கும் ஒவ்வொரு நாளும் எண்ணெய் தோய்ந்த துணியால் சுற்றி, பிளாஸ்டிக் உறையில் கட்டிவையுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மணலும் சேர்ந்துகொள்ளும். தனுஷ்கோடிப் பாதையில் கார்புரேட்டர் வாயைத் திறந்த குழாயாக வைத்து ஓட்டுவது சிலிண்டரை உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம். எவ்வளவு அழகாக இருந்தாலும் ஃபில்டர் இல்லாமல் ஓட்டாதீர்கள்.

முதல் இருபது நிமிடம்

கேமின் ஆயுளை இதுதான் தீர்மானிக்கிறது. மாட்டும்போதே மேடுகளிலும் டாப்பெட் அடியிலும் மாலிப்டினம் பேஸ்ட் தடவியிருக்கவேண்டும். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் அழுத்தம் ஏறும்வரை ஸ்டார்ட்டரால் சுற்றுங்கள். கார்புரேட்டரில் பெட்ரோல் நிரம்பியிருக்கட்டும், இக்னிஷன் முன்கூட்டியே சரியாக வைத்திருக்கட்டும். சாவியைத் திருப்பியதும் பிடிக்கவேண்டும். பிடித்தவுடன் 2000 சுற்றுக்கு உயர்த்தி, 2000-க்கும் 2500-க்கும் இடையே ஏற்றி இறக்கி இருபது நிமிடம் ஓட்டுங்கள். ஐட்லிங்கில் விடவே கூடாது. மெதுவாகச் சுற்றும்போது மேடுகளுக்கு எண்ணெய் போதுமான அளவு தெறிக்காது. நின்ற இடத்தில் அவ்வளவு நேரம் ஓடினால் சூடு ஏறும் என்பதால் விடியற்காலையில் வைத்துக்கொண்டு, ரேடியேட்டர் முன் பெரிய மேசை விசிறி ஒன்றை நிறுத்துங்கள். எங்காவது எண்ணெய் கசிந்தாலோ தண்ணீர் கொதித்தாலோ உடனே நிறுத்துங்கள். சரிசெய்து மீதி நிமிடங்களைத் தொடரலாம்.

ஆயில் விஷயத்தில் புதுக் கார்களுக்கான மெல்லிய எண்ணெயை வாங்காதீர்கள். கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் காப்பாற்ற அவற்றில் பாஸ்பரஸை 0.08 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். சுழலும் டாப்பெட்டுக்கும் கேமுக்கும் காப்பாக நிற்பது துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த கலவைதான். பழைய 20டபிள்யூ-50 தரம் நம் ஊர்க் கடைகளில் இன்னும் கிடைக்கிறது. டின்னில் துத்தநாகச் சேர்க்கை பற்றிக் குறிப்பு உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள்.

பெட்ரோல் பங்கில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று என்றால், இதற்குச் சுமார் 13.5. பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் பழைய ஊசியோடு, இந்தக் காரின் எஸ்.யு. கார்புரேட்டர் இதில் வறட்சியாக, அதாவது பெட்ரோல் போதாமல், ஓடும். புதிய கேமும் சேர்ந்தால் இன்னும் வறளும். ஊசியை ஒருபடி தாராளமானதாக மாற்றி, பிளக் நிறத்தைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். பழைய ரப்பர் குழாய்களை எத்தனாலுக்குத் தாங்குபவையாக மாற்றுங்கள். வண்டி வாரக்கணக்கில் நிற்குமானால் டேங்க்கை நிரப்பியே வையுங்கள். காலி இடத்தில் ஈரக்காற்று புகுந்தால் எத்தனால் அந்த ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

டாப்பெட் இடைவெளி பழைய கேமுக்குக் குளிர்ந்த எஞ்சினில் 0.38 மில்லிமீட்டர், புதிய கேமுக்கு அதன் கார்டு சொல்வதுதான். முதல் ஐந்நூறு கிலோமீட்டரில் ஹெட் போல்ட்டுகளையும் டாப்பெட் இடைவெளியையும் மறுபடி பாருங்கள். எந்த வால்வு முழுதாகத் திறந்து நிற்கிறதோ அதன் எண்ணை ஒன்பதிலிருந்து கழித்து, வரும் எண்ணுள்ள வால்வைச் சரிசெய்யுங்கள். எட்டாவது திறந்திருந்தால் முதலாவது, ஏழாவது திறந்திருந்தால் இரண்டாவது. இதே நேரத்தில் எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டு, வடித்த எண்ணெயில் ஒரு காந்தத்தை விட்டு எடுங்கள். சாம்பல் நிறப் பசை லேசாக ஒட்டினால் கவலையில்லை. கண்ணுக்குத் தெரியும் துகள்கள் ஒட்டினால் பிளாக்கின் பக்கவாட்டுக் கவரைத் திறந்து, எட்டு டாப்பெட்டும் சுழல்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தபின்தான் அடுத்த முறை ஸ்டார்ட் செய்யவேண்டும்.